மிச்ச மரத்தில் ஒரு பெஞ்ச்: வேலையா, பாடமா?

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மரத்தால் பஞ்சமில்லை. ஆடி மாதக் காற்றில் சில்வர் ஓக் விழுகிறது. வளாகத்தின் மேல் சாய்ந்து நிற்கும் கற்பூர மரத்தை ஆபத்து என்று வெட்டிவிட்டுப் போகிறார்கள். கூரை பழுது பார்த்தால் ரீப்பர் துண்டுகள் மிஞ்சுகின்றன. கணினிப் பெட்டி வந்தால் அடியில் இருந்த சரக்குப் பலகை தங்கிவிடுகிறது. இவையெல்லாம் கழிவறைக்குப் பின்னால் குவிந்து, இரண்டு மழைக்காலத்தில் மக்கி, கடைசியில் அடுப்புக்குப் போகின்றன. அதே பள்ளியில் பிள்ளைகள் வெளியே உட்கார இடம் இல்லாமல் ஈரப் படிக்கட்டில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அந்த மரத்தைக் கொண்டு வெளியே போடும் எளிய பெஞ்ச் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கணித ஆசிரியை, தச்சர் இல்லை. எங்கள் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் செய்த அளவில் பேசுகிறேன். முதலில் மரம், அடுத்து அதிலிருக்கும் பாடம். கடைசியாக, பெற்றோர் ஒருவர் கேட்ட கேள்வி. மூன்றில் அதுதான் முக்கியமானது.

எந்த மரத்தைத் தொடலாம்?

மரம் கிடக்கிறது என்பதற்காக எடுத்துவிட முடியாது. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வளாகத்தில் விழுந்த மரம் அரசுச் சொத்து. உடைந்த பெஞ்சும் இருப்புப் பதிவேட்டில் இருக்கும் பொருள்தான். ஆகவே தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் அனுமதி பெற்று, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்ட பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். இது நம்மையும் காக்கும், தலைமையாசிரியரையும் காக்கும்.

அனுமதி கிடைத்தாலும் சில மரங்களை ஒதுக்கிவிட வேண்டும். முதலாவது, பழைய பெயின்ட் பூசிய மரம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பெயின்டில் எவ்வளவு ஈயம் என்று நமக்குத் தெரிய வழியில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் பிள்ளைகளின் மூச்சிலும் கையிலும் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இரண்டாவது, தார் வாசனை வரும் பழைய ரயில் சிலீப்பர் கட்டை. அதில் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். மூன்றாவது, சில வகைச் சரக்குப் பலகைகள். வெளிநாட்டுச் சரக்கோடு வரும் பலகையில் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச், டி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், உள்ளே 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் நிற்கும்படி சூடாக்கிய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு கொடுத்த மரம், வேண்டாம். நான்காவது, தட்டினால் தூள் கொட்டும் பூச்சி அரித்த மரம்.

மீதியில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். சில்வர் ஓக் எடை குறைவு, அறுக்க எளிது. ஆனால் மண்ணில் பட்டால் சீக்கிரம் மக்கும். சிலருக்கு அதன் தூள் பட்டால் தோல் அரிக்கும். கற்பூர மரம் உறுதியானது. ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், ஓரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும். எனவே முதலில் துளை போட்டுத் திருகாணி முடுக்குவது நல்லது. திருகாணி துருப் பிடிக்காத துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் மரம் ஊதிச் சுருங்கும்போது வெறும் ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும்.

பெஞ்சுக்குள் இருக்கும் பாடம்

இனி வகுப்பறை. முதல் கேள்வி, மரம் காய்ந்துவிட்டதா? இதைக் கண்ணால் சொல்ல முடியாது. பலகைகளைக் கூரைக்கு அடியில், நடுவே குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஒரு துண்டை மட்டும் வாரம் ஒரு முறை சத்துணவுக் கூடத் தராசில் எடை போடச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வரைபடத்தாளில் குறிப்பார்கள். கோடு இறங்கிக்கொண்டே வந்து ஒரு நிலையில் படுத்துவிடும். அப்போது மரம் நம் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். எப்போதோ அறுத்த பழைய பலகையானால் சில வாரங்கள் போதும். பச்சை மரமானால் ஓர் அங்குலப் பலகைக்கே ஓர் ஆண்டு ஆகலாம். காத்திருப்பதும் அறிவியல்தான்.

இரண்டாவது கேள்வி, உயரம் எவ்வளவு? தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் உட்பக்கம் வரை அளக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளின் அளவு 36, 37, 39, 40, 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகப் பழக்கத்தில் பிள்ளைகள் உடனே சராசரி கண்டுபிடிப்பார்கள்: 39. இடைநிலை அளவும் 39. இரண்டும் ஒன்றாக வந்ததும் மகிழ்ச்சியாக 39 என்று எழுதிவிடுவார்கள். அப்போது, 36 செ.மீ. பிள்ளையை 39 செ.மீ. உயரத்தில் உட்கார வையுங்கள். கால் தொங்கும். தொடையின் அடிப்பக்கத்தைப் பலகை விளிம்பு அழுத்தும். 43 செ.மீ. பிள்ளையை 36-இல் உட்கார வைத்தால் அவர் காலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வார், அவ்வளவுதான். ஆக இந்தக் கணக்குக்கு விடை சராசரி இல்லை. ஆகச் சிறிய அளவு. எந்த இடத்தில் சராசரியைப் பயன்படுத்துவது, எந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதைப் பத்துக் கணக்கு போட்டுச் சொல்வதைவிட இது தெளிவாகச் சொல்லும்.

மூன்றாவது, ஆடாமல் நிற்பது. நான்கு குச்சிகளைச் சேர்த்து மூலையில் ஒவ்வோர் ஆணி அடித்தால் சதுரம் சரிந்து சாய்சதுரம் ஆகிவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் இரண்டு முக்கோணம் ஆகி, அசையாது. பெஞ்சின் கால்களுக்கு இடையே சாய்வாக ஒரு சட்டம் ஏன் வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிடும். மூலை செங்கோணமா என்று பார்க்க ஒரு பக்கம் 30 செ.மீ., அடுத்த பக்கம் 40 செ.மீ. குறித்து, குறுக்கே 50 செ.மீ. வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பிதாகரஸ் தேற்றத்தைத் தேர்வுத்தாளில் எழுதும் பிள்ளைக்கு அது ஒரு கருவி என்று அப்போதுதான் தெரியும். மேடு பள்ளமான தரையில் நான்கு கால் பெஞ்ச் ஆடும், மூன்று கால் முக்காலி ஆடாது. ஏன்? மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும்; நான்காவது புள்ளி அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நான்காவது, வளைவு. ஒரு 30 செ.மீ. அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளையும். அதையே குத்துவாட்டில் பிடித்து அழுத்தினால் வளையாது. பலகையின் தடிமன் இரு மடங்கானால் வளையாத தன்மை எட்டு மடங்காகும். தாங்கும் இடங்களுக்கு இடையே நீளம் இரு மடங்கானால், அதே எடைக்கு வளைவும் எட்டு மடங்காகும். அதனால்தான் 120 செ.மீ. பெஞ்சுக்குக் கால்களைக் கடைசி ஓரத்தில் வைக்காமல் 15 செ.மீ. உள்ளே தள்ளி வைக்கிறோம். இருபுறக் கால்களையும் இணைக்கும் நீளச் சட்டத்தைக் குத்துவாட்டில் வைத்து, உட்காரும் பலகைகளின் நடுப்பகுதியை அதன்மேல் தாங்கவிடுகிறோம்.

உட்காரும் பகுதிக்கு 9 செ.மீ. அகலப் பலகைகள் மூன்று, இடையில் 6 மி.மீ. இடைவெளி இரண்டு. மொத்த அகலம் எவ்வளவு? 28.2 செ.மீ. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தசமக் கூட்டல். அந்த இடைவெளி அழகுக்கு இல்லை. மழை நீர் தேங்காமல் இறங்க, பலகை ஊதினால் இடம் இருக்க.

பெயின்டும் பருவமும்

நம் மலையில் பெயின்ட் அடிக்க நாள் பார்க்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நனையும். எல்லோருக்கும் பொதுவாகக் காய்ந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பனி விலகிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மாலை மூடுபனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் பெயின்ட் மரத்தைக் காக்காது. ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, கொப்புளம் கட்டி உரிந்துவிடும்.

வெளியே கிடக்கும் மரம் முதலில் மக்குவது அறுத்த முனையில். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய நுண்குழாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. எனவே கால்களின் அடிமுனைக்கும் பலகை முனைகளுக்கும் இரண்டு மூன்று முறை கூடுதலாகப் பூசுங்கள். மேலே மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் பலகை ஒரு பக்கமாக வளையும். கால் நேரே மண்ணில் படாமல் தட்டையான கல்லின் மேல் நிற்கட்டும். ஒரு பூச்சு பிரைமர், இரண்டு பூச்சு எனாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே முழு ஒரு நாள். டப்பாவின் மேல் ஈய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நிறத்தைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் விளிம்பில் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கட்டும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மூடுபனி நாளில் பெஞ்ச் எங்கே முடிகிறது என்று அது காட்டும். பெஞ்சின் ஒரு பக்கத்தில் சக்கர நாற்காலி வந்து நிற்கும் அளவுக்கு இடம் விடுங்கள். உட்கார இடம் செய்கிறோம் என்றால் எல்லோருக்கும் செய்ய வேண்டும்.

அந்தக் கேள்வி

இந்தத் திட்டத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தபோது ஓர் அம்மா எழுந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "டீச்சர், நாங்கதான் மழையிலயும் அட்டைக்கடியிலயும் கிடந்து கஷ்டப்படுறோம். பிள்ளை கை நோகக் கூடாதுன்னுதான் படிக்க அனுப்புறோம். நீங்க சுத்தியலைக் கையில குடுக்குறீங்களே?" என்றார். நான் பதில் தொடங்குவதற்குள் இன்னொன்றும் கேட்டார். "உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல இதைச் செய்யச் சொல்வாங்களா?"

"நீங்க கேக்குறது நியாயம்தான்க்கா" என்று சொல்லி, அன்றைக்குத் தீர்மானம் போடாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது.

1953-இல் சென்னை மாநிலக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் வந்தது. நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவது. தச்சர் பிள்ளை தச்சு, சலவைத் தொழிலாளி பிள்ளை சலவை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. நம் பள்ளிகளில் பலவற்றின் பிள்ளைகள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைச் செடிக்கு நடுவே நின்ற குடும்பம், பள்ளிக்கூடத்தை அதிலிருந்து வெளியேறும் வாசலாகப் பார்க்கிறது. அங்கேயும் உடல் வேலையைக் கண்டால் பயம் வரத்தான் செய்யும்.

காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் மையம். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளி தன் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பகுதியை அப்போதே பலர் ஏற்கவில்லை. பிள்ளை மாணவராக இல்லாமல் தொழிலாளி ஆகிவிடும் என்றார்கள்.

ஆனால் கைவேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் இழப்பு. பின்லாந்தில் உனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-லேயே கைவேலை பள்ளிப் பாடத்துக்குள் வந்தது. சுவீடனில் நாஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் பல நாட்டு ஆசிரியர்களுக்கு மரவேலைவழிக் கல்வியைக் கற்பித்தார். அவர் தச்சர்களை உருவாக்க முயலவில்லை. கவனம், துல்லியம், தன் கையால் ஒன்றை முடித்த நம்பிக்கை ஆகியவற்றை எல்லாப் பிள்ளைக்கும் தருவதே நோக்கம். "எல்லாப் பிள்ளைக்கும்" என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பிறப்பைப் பார்த்துக் கொடுத்தால் அது குலத்தொழில். அனைவருக்கும் கொடுத்தால் அது கல்வி.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவையும் உட்கார வைத்து ஐந்து நிபந்தனைகளைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதினோம்.

ஒன்று, வகுப்பில் உள்ள எல்லாரும், ஆண் பெண் வேறுபாடு இல்லாமல், சுழற்சி முறையில் எல்லா வேலையும் செய்வார்கள். பெண் பிள்ளை கூட்டுவதற்கு, ஆண் பிள்ளை திருகுவதற்கு என்ற பிரிவு கிடையாது.

இரண்டு, அறுப்பதும் துளை போடுவதும் கூலி கொடுத்து அழைக்கும் தச்சரின் வேலை. சுமப்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் அளப்பார்கள், குறிப்பார்கள், மாதிரி செய்வார்கள், புதுப் பலகையை முகமூடி அணிந்து தேய்ப்பார்கள், பெரியவர் பக்கத்தில் இருக்கத் திருகாணி முடுக்குவார்கள், பூசுவார்கள்.

மூன்று, இது கணிதம், அறிவியல் பாடவேளைக்குள் நடக்கும். நோட்டில் கணக்கு இல்லாத நாளில் மரவேலையும் இல்லை.

நான்கு, செய்ததை விற்பதில்லை. வேறு யார் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் செய்து கொடுப்பதில்லை.

ஐந்து, வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை. தண்டனையாக ஒருபோதும் இந்த வேலையைக் கொடுப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது அந்த அம்மாவின் இரண்டாவது கேள்விதான். என் பிள்ளைக்குச் சொல்லத் தயங்கும் வேலையை என் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. பெஞ்சுக்கு மட்டும் இல்லை, தோட்டம் கொத்துவது, தண்ணீர் தூக்குவது, வகுப்பறை கூட்டுவது எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

உண்ணிச்செடி யானைகள்

நம் மாவட்டத்திலேயே மிச்ச மரத்துக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அழகுச் செடியாக வந்து நம் காட்டை மூடிவிட்ட உண்ணிச்செடியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கூடலூர்ப் பகுதியில் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடிக் கலைஞர்கள் அதன் தண்டை வெட்டி, கொதிநீரில் வேகவைத்துத் தோலுரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, உயிருள்ள யானை அளவில் யானைகள் செய்கிறார்கள். அவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் தொடங்கி ஊர் ஊராகப் பயணம் போயின. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் சோலிகர் மக்கள் அதே செடியில் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள்.

இதை வகுப்பில் காட்டுங்கள். அந்தக் கலைஞர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் கருத்தாளராக அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, மதிப்பூதியம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சமூகத்துப் பிள்ளையைப் பார்த்து, "இது உங்க ஆளுங்க வேலைதானே, நீ செய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1953 அந்த ஒரு வரியில் திரும்பி வந்துவிடும். அந்தப் பிள்ளை கணக்கு எழுதட்டும். கணக்கில் முதலாவதாக வரும் பிள்ளை தண்டை வளைத்துப் பழகட்டும்.

நண்பர்களே, உடனே தொடங்க ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும். இந்த வாரம் முழங்கால் உயரத்தை அளந்து விடுங்கள். அனுமதிக் கடிதத்தை எழுதுங்கள். கிடைத்த பலகையைக் கூரைக்கு அடியில் அடுக்கி எடை போடத் தொடங்குங்கள். ஜனவரியில் இணைக்கலாம், பிப்ரவரியில் பூசலாம். செய்து முடித்ததும் பிள்ளைகள் உட்காருவதற்கு முன் நாம் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நம்மைத் தாங்கினால் அவர்களைத் தாங்கும். அடுத்த ஆண்டு ஜனவரியில் மறுபூச்சு அடிக்கும் பொறுப்பை அடுத்த வகுப்பிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பெஞ்சின் புகைப்படத்தோடு ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டையும் கொண்டு வாருங்கள். முதலில் நோட்டைப் பார்ப்போம்.